பெட்டியடியில் கிடக்கும் சிறு கார்கள்

புதுவை நகரத்துப் பழைய இல்லங்கள் பலவற்றில், சைகோனிலிருந்தும் மர்சேயிலிருந்தும் கப்பலேறி வந்த மரப்பெட்டிகளும் தகரப்பெட்டிகளும் இன்றும் பரண்மீது இருக்கின்றன. பிரெஞ்சுப் படையிலோ அரசாங்க அலுவலிலோ பணியாற்றி ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பாட்டனார்கள், தம் சீருடை, பதக்கங்கள், ஓய்வூதியக் காகிதங்கள் ஆகியவற்றோடு, பிள்ளைகளுக்கென வாங்கிய சில விளையாட்டுப் பொருள்களையும் அவற்றுள் அடுக்கிக் கொண்டுவந்தனர். உள்ளங்கையில் அடங்கும் உலோகக் கார்கள் அவற்றுள் ஒரு வகை. வண்ணம் உரிந்து, சக்கரம் கழன்று, பெட்டியின் அடியில் துணிகளுக்கிடையே அவை கிடக்கும். மார்கழியில் குடில் கட்டும்போது மட்டும் சிறுவர்கள் அவற்றைத் தேடி எடுத்து, இடையர்களுக்கும் ஒட்டகங்களுக்கும் நடுவே வரிசையாக நிறுத்துவார்கள். பெத்லகேம் ஊரில் மோட்டார் கார் ஏது என்று எந்தக் குழந்தையும் கேட்டதாக நாம் அறியோம்.

இச்சிறு கார்களைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகெங்கும் உள்ளனர்; நம் ஊரிலும் சிலர் இருக்கின்றனர். அண்மையில் இருவேறு குடும்பங்கள் இதுபற்றி நம்மிடம் பேசின. ஒரு வீட்டில் இல்லத்தரசியின் மனக்குறை: ஓய்வுபெற்ற கணவர் மாதந்தோறும் பழைய பொம்மைக் கார்களுக்காகப் பணம் செலவிடுகிறார், இது சிறுபிள்ளைத்தனம் அன்றோ என்பது. மற்றொரு வீட்டில் நேர்மாறான துயரம். பாட்டனார் இறந்த பின் பரணைத் துப்புரவு செய்தவர்கள், பெட்டி நிறைய இருந்த கார்களைப் பழைய இரும்பு வாங்குபவரிடம் எடைபோட்டுக் கொடுத்துவிட்டனர். ஓராண்டு கழித்து வெளிநாட்டிலிருந்து வந்த பேரன், அந்தக் கார்கள் எங்கே என்று கேட்டபோதுதான் வீட்டாருக்கு உறைத்தது. விலை போயிற்றே என்பதற்காக அவன் வருந்தவில்லை. பாட்டனார் தன் மடியில் அமர்த்தி ஒவ்வொரு காரையும் காட்டிச் சொன்ன கதைகளுக்குச் சாட்சியாக இருந்தவை போய்விட்டனவே என்றுதான் வருந்தினான். இவ்விரு வீடுகளுக்கும் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

முதலில், பொம்மை வண்டி அற்பப் பொருள் என்னும் எண்ணத்தை ஒதுக்கிவிடலாம். குதிரை பூட்டாமல் குழந்தைகள் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேரைப் பட்டினப்பாலை பாடுகிறது. கோழியை விரட்ட வீசியெறிந்த பொற்குழை அத்தேரின் வழியை மறித்தது என்று காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வத்தை அங்கே புலவர் காட்டுகிறார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவத்துக்கே சிறுதேர் என்றுதான் பெயர். சிந்துவெளியில் அகழ்ந்தெடுத்த சுடுமண் வண்டிகளை அறிஞர்கள் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றுகிறார்கள். நம் சிற்றூர்ப் பிள்ளைகள் நுங்குக் கூந்தலைக் கோலில் மாட்டி வண்டி ஓட்டினார்கள். எந்தக் காலத்துக் குழந்தையும் தன் காலத்து ஊர்தியைத்தான் பொம்மையாகக் கேட்கும். ஆதலால் பொம்மையைப் பார்த்தால் காலம் தெரியும்.

இனி அக்கார்களின் வரலாறு. இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் 1901-ஆம் ஆண்டில், துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் பிணைத்து விளையாடும் ஒரு பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். மெக்கானோ என்று பெயர்பெற்றது அது. பின்னர் அவரது நிறுவனம் பொம்மை ரயில்களையும் செய்தது. ரயில் நிலையத்தின் அருகே நிறுத்திவைக்கக் கார்களும் வேண்டுமே! 1933-ஆம் ஆண்டு இறுதியில் ஆறு வண்டிகள் கொண்ட ஒரு தொகுதி வெளிவந்தது. மறு ஆண்டே அவற்றுக்கு 'டிங்கி டாய்ஸ்' என்று பெயரிட்டார்கள். ரயிலுக்குத் துணையாகப் பிறந்த பொம்மை, சில ஆண்டுகளில் ரயிலையே விஞ்சிப் புகழ்பெற்றது.

சேகரிப்போர் வாயில் அடிக்கடி வரும் '43-இல் ஒரு பங்கு' என்னும் அளவும் அந்த ரயிலிலிருந்து வந்ததே. உண்மைக் காரின் நீளத்தை 43-ஆல் வகுத்தால் பொம்மையின் நீளம் கிடைக்கும். நாமெல்லாம் அறிந்த அம்பாசடர் கார் ஏறத்தாழ 4.3 மீட்டர் நீளம். இவ்வளவில் அது 10 சென்டிமீட்டர் ஆகிவிடும். பழைய டிங்கி கார்கள் எல்லாம் இந்த அளவுக்குத் துல்லியமாக அடங்குவன அல்ல. ஆயினும் குழந்தையின் கைக்கும் பெரியவரின் கண்ணுக்கும் ஒருசேரப் பொருந்திய அளவு இதுவென்பதால், இன்றளவும் இதுவே பெரும்பாலோர் விரும்பும் அளவாக இருக்கிறது.

பிரெஞ்சு நாட்டில் பொம்மைக் காரின் கதை சற்று முன்னரே தொடங்குகிறது. பெருந்தொழிலதிபர் ஆந்த்ரே சித்ரோயன், 1923-ஆம் ஆண்டு முதலே தம் கார்களைப் போன்ற தகரப் பொம்மைகளைச் செய்வித்து விற்றார். குழந்தை பேசக் கற்கும்போதே அம்மா, அப்பா என்பவற்றோடு சித்ரோயன் என்றும் சொல்லவேண்டும் என்று அவர் விரும்பினாராம். வியாபாரத் தந்திரத்துக்கு வயதுவரம்பு கிடையாது போலும்! பிற்பாடு ஹார்ன்பியின் நிறுவனம் பாரீசை அடுத்த பொபிஞி என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலை வைத்து, பிரெஞ்சுக் கார்களின் சிற்றுருக்களை அங்கேயே வார்த்தது. புதுவை வீடுகளில் நாம் கண்ட டிங்கி கார்களுள் பல அந்தப் பொபிஞியில் பிறந்தவை.

பிறகு போர் மூண்டது. 1940 ஜூன் மாதத்தில் பாரீஸ் வீழ்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் நம் புதுவை, ஆளுநர் போன்வேன் தலைமையில், சரணடைய மறுத்த தெகோலின் பக்கம் சேர்ந்துகொண்டது. அங்கே பொபிஞித் தொழிற்சாலை ஜெர்மானியர் பிடிக்குள் போயிற்று. இவ்வூரின் பெயரைக் கேட்கும்போது பொம்மை மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை. 1943 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை, அதே பொபிஞியின் ரயில் நிலையத்திலிருந்துதான் 20,000-க்கும் மேற்பட்ட யூதர்கள், குழந்தைகள் உட்பட, ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்குப் பெட்டி பெட்டியாக அனுப்பப்பட்டனர். குழந்தைகளுக்குப் பொம்மை ரயில் செய்த ஊர் அது.

இங்கிலாந்திலும் பொம்மைக்கு இடமில்லாமற் போயிற்று. துத்தநாகமும் ஈயமும் தகரமும் போருக்குத் தேவைப்பட்டன. 1942 தொடக்கத்தில் உலோகப் பொம்மை செய்வது தடுக்கப்பட்டது. லிவர்ப்பூல் தொழிற்சாலை போர்க்கருவி உறுப்புகளைச் செய்யலாயிற்று. ஆதலின் போர்க்காலத்துப் பொம்மைக் கார் என்று யாரேனும் கூறினால், பெரும்பாலும் அது போருக்குச் சற்று முன் செய்ததாகவோ, போர் முடிந்தவுடன் செய்ததாகவோ இருக்கும். இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தைகள் பழையதை வைத்துக்கொண்டுதான் விளையாடினார்கள். அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தம்பியிடமிருந்து அடுத்த வீட்டுக்கும் கைமாறிக் கைமாறி அவை தேய்ந்தன. போருக்கு முந்தைய காரொன்று வண்ணம் சிதையாமல் கிடைப்பது அரிது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போர் ஓய்ந்தவுடன் வெளிவந்த பிரெஞ்சு டிங்கி கார்களில் ஒரு விந்தை உண்டு. அவற்றுக்கு ரப்பர் டயர் இல்லை. சக்கரம் முழுவதும் உலோகமே. நம்மவர் பலர் வாழ்ந்த இந்தோ-சீனமும், மலேயாவும் ஜப்பானியர் கையில் சிக்கியிருந்த காலத்தில் ரப்பர் அருகிவிட்டது. போர் முடிந்தும் உடனே பஞ்சம் தீரவில்லை. பொம்மைக்கு ரப்பர் யார் கொடுப்பார்? நிலைமை சீரான பிறகே சிறு கறுப்பு டயர்கள் வந்தன. உங்கள் வீட்டுக் கார் மொட்டைச் சக்கரத்தோடு இருந்தால், டயர் தொலைந்துவிட்டது என்று எண்ணிப் புதிது வாங்கி மாட்டிவிட வேண்டாம். டயரே இல்லாமற் பிறந்த காராக இருக்கலாம். அந்த இல்லாமைதான் அதன் பிறந்த ஆண்டைச் சொல்லுகிறது.

அந்நாளில் முதலில் வந்தவற்றுள் ஜீப் ஒன்று. பிரான்சை மீட்க வந்த அமெரிக்கப் படைகளின் ஜீப்பைத் தெருவில் கண்ட குழந்தைகள் அதையே பொம்மையாகக் கேட்டனர். 1946-இல் பிரெஞ்சு டிங்கியும் ஆங்கில டிங்கியும் ஆளுக்கொரு ஜீப்பை வெளியிட்டன. அடுத்து, போருக்கு முன்பே, 1934-இல் பிறந்த சித்ரோயன் 'த்ரக்சியோன் அவான்'. முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் கறுப்புக் கார் இது. ஆக்கிரமிப்பின்போது ஜெர்மானியக் காவற்படையும் அதில்தான் வந்தது. விடுதலை வீரர்களும் அதைத்தான் கைப்பற்றி, கதவில் வெள்ளை எழுத்துத் தீட்டி ஓட்டினர். ஒரே கார், இரு தரப்பினரின் நினைவிலும்! இதன் டிங்கிச் சிற்றுரு 1949-இல் வந்தது. முதியவர்கள் சிலர் அதைக் கையில் எடுத்தவுடன் பேச்சை நிறுத்திவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம்.

ஆயினும் நமக்கு மிகவும் பிடித்தது 'தெ-ஷ்வோ' என்று பிரெஞ்சுக்காரர் அழைத்த, 'இரு குதிரை' எனப் பொருள்படும் எளிய கார்தான். உழவனும் அவன் மனைவியும் 50 கிலோ உருளைக்கிழங்கோடு ஏறிச் செல்லவேண்டும், உழுத நிலத்தில் ஓட்டினாலும் கூடையிலுள்ள முட்டை உடையக்கூடாது என்பதுதான் அதை வடிவமைத்தவர்களுக்கு இட்ட கட்டளை. 1939-இல் அது ஏறத்தாழ ஆயத்தமாகிவிட்டது. போர் வந்ததும், பகைவர் கையில் சிக்காதிருக்கச் சோதனைக் கார்களை அழித்தும் ஒளித்தும் வைத்தனர். ஒளித்தவற்றுள் மூன்று, 1990-களில்தான் ஒரு களஞ்சியத்தின் பரணிலிருந்து வெளிப்பட்டன. உலகம் அக்காரைக் கண்டது 1948 அக்டோபரில், பாரீஸ் கண்காட்சியில். முதலில் பலர் நகைத்தனர். பிறகு வரிசையில் நின்று வாங்கினர். 1990 வரை அது உற்பத்தியாயிற்று. டிங்கிச் சிற்றுரு 1952-இல் வந்தது. நீளம் ஒன்பது சென்டிமீட்டர்தான், துணிக்கூரையின் வரிகூட அதில் தெரியும். இவ்வாறே போர்க்காலத்தில் மறைவாக வரைந்து 1946-இல் வெளிவந்த ரெனோ 'கத்ர்-ஷ்வோ', 1948-இல் வந்த பெஜோ 203 ஆகியவற்றுக்கும் சிற்றுருக்கள் உண்டு. பஞ்சத்திலிருந்து மீண்டெழும் நாடு எளியோர்க்கான கார்களைச் செய்தது. அவற்றையே குழந்தைகளின் கையிலும் கொடுத்தது.

டிங்கி ஒன்றே இதில் இருந்தது என்று எண்ணவேண்டாம். வீல்யர்பான் நகரில் 1946-இல் தொடங்கிய நொரேவ் நிறுவனம், பிற்பாடு பிளாஸ்டிக்கில் கார்களைச் செய்தது. நிறுவியவரின் குடும்பப் பெயரான வெரோனைத் தலைகீழாகப் படித்தால் நொரேவ்! அவை எடை குறைந்தவை, விலை மலிந்தவை, ஆனால் வெயிலிலும் வெப்பத்திலும் வளைந்து கோணிவிடும். இங்கிலாந்தில் 1953-இல் 'மேட்ச்பாக்ஸ்' வந்தது. லெஸ்னி நிறுவனப் பங்காளியான ஜாக் ஓடெலின் மகள், பள்ளிக்குத் தீப்பெட்டிக்குள் அடங்கும் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்ற விதியைப் பயன்படுத்தி, சிலந்திப் பூச்சிகளை அடைத்துக்கொண்டு போனாளாம். தந்தை அதற்கு மாற்றாகத் தீப்பெட்டியில் அடங்கும் சிறு சாலையுருளையைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து ஒரு பெருந்தொழிலே பிறந்தது. 1956-இல் வேல்சு நாட்டிலிருந்து கார்கி டாய்ஸ் வந்தது. அதன் கார்களுக்குச் சன்னல்களில் ஒளிபுகும் கண்ணாடி இருந்தது. அதுவரை சன்னல் என்றால் வெறும் துளைதான். டிங்கியும் விரைந்து கண்ணாடி பொருத்தவேண்டியதாயிற்று. எனவே, கண்ணாடியில்லாத கார் பெரும்பாலும் 1950-களின் பிற்பகுதிக்கு முந்தியது என்று கொள்ளலாம்.

நம் நாட்டுக் கதை இதைவிடச் சுவையானது. லிவர்ப்பூலில் பயன்படுத்தி முடித்த டிங்கி வார்ப்பச்சுகள் சில, 1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு விற்கப்பட்டன. அங்கே 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் அதே கார்களை வார்த்து விற்றார்கள். அடிப்பலகையில் இருந்த டிங்கி என்னும் பெயரைச் சுரண்டிவிட்டு நிக்கி என்று பொறித்தார்கள். சிலவற்றில் சுரண்டிய வடு இன்றும் தெரியும். அச்சு தேய்ந்திருந்ததால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். வண்ணமும் அவ்வளவு நேர்த்தியாக இராது. ஆனால் அவற்றுள் ஒன்று நமக்கு அண்டை வீட்டுப் பிள்ளை. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம், ஆங்கிலேயரின் டிரயம்ப் ஹெரால்டு காரை 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று செய்தது. அதே நிறுவனம் செய்த ஸ்டாண்டர்டு 20 என்னும் சிறு பேருந்தின் பெயரிலேயே ஒரு நிக்கி பொம்மையும் உண்டு. லிவர்ப்பூலின் அச்சில், கல்கத்தாவில் வார்த்த, சென்னை வண்டியின் பொம்மை அது!

ஜீப்பும் அவ்வாறே நம் நாட்டுக் குடிமகனாயிற்று. 1945-இல் தோன்றிய மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. நிக்கியிலும் ஒரு ஜீப் வந்தது. மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் ஆங்கிலக் காரின் டிங்கிச் சிற்றுருவைக் காண்பவர், அதில் நம் இந்துஸ்தான் 14 காரைக் காண்பர். அதன் தம்பிதான் 1957-இல் பிறந்து 2014 வரை கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசடர். வெளிநாட்டு டிங்கிக்கு உலகெங்கும் மதிப்பு உண்டு என்று மயங்கி, கல்கத்தா நிக்கியைச் சிலர் ஏளனம் செய்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடு இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்த அந்நாளில், நம் நாட்டுக் குழந்தை ஒன்றுக்குக் கிடைத்த கார் அதுதான்.

அந்தப் பெருநிறுவனங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. பொபிஞியில் வார்ப்பு 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. லிவர்ப்பூல் தொழிற்சாலை 1979 நவம்பரில் மூடப்பட்டது. மேட்ச்பாக்ஸ் செய்த லெஸ்னி 1982-இலும், கார்கியைச் செய்த மெட்டாய் 1983-இலும் நொடித்தன. பெயர்கள் கைமாறிப் பிழைத்திருக்கின்றன. பழைய தொழிற்சாலைகள் இல்லை. விளையாடிய குழந்தைகள் வளர்ந்து, பணம் சேர்ந்து, இழந்ததைத் தேடத் தொடங்கியபோது சேகரிப்பு என்னும் கலை பெருகிற்று. 2008-இல் போருக்கு முந்தைய டிங்கி வேன் ஒன்று, பக்கத்தில் ஒரு கடைக்காரரின் பெயர் தீட்டியது, இங்கிலாந்து ஏலத்தில் ஏறத்தாழ 20,000 பவுனுக்கு விலைபோயிற்று. லெபனான் நாட்டு நபில் கரம் என்பவர் 2016-இல் 37,777 சிற்றுருக் கார்களுடன் உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார். இவற்றைப் படித்து யாரும் பரணை நோக்கிப் பொன்வேட்டைக்குக் கிளம்பவேண்டாம். குழந்தை உருட்டித் தேய்த்த காருக்கு அத்தகைய விலை கிடைக்காது. பெட்டியோடும் பழுதற்ற வண்ணத்தோடும் இருப்பதற்கே பெருவிலை. அதாவது, யாரும் விளையாடாத பொம்மைக்கு! சந்தையின் நீதி இப்படித்தான் இருக்கிறது. நம் நீதி அதுவாக இருக்கவேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் இத்தகைய கார் இருந்தால் முதலில் அதைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் செய்தவர் பெயரும் நாடும் பெரும்பாலும் பொறித்திருக்கும். வண்ணம் உரிந்திருந்தாலும் புதிதாக வண்ணம் அடிக்கவேண்டாம். அடித்தால் அதன் முகமே மாறிவிடும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டினாற் போதும். வந்த அட்டைப்பெட்டி கிழிந்திருந்தாலும் எறியவேண்டாம். கறையானும் இராமபாணப் பூச்சியும் எட்டாமல் தனியே வையுங்கள்.

கடற்கரை ஊரில் வாழும் நமக்கு மற்றொரு பகை ஈரக்காற்று. இக்கார்கள் துத்தநாகத்தோடு சிறிது அலுமினியமும் செம்பும் சேர்த்து உருக்கி, அழுத்தத்தில் வார்த்தவை. உருக்கும்போது ஓர் இம்மி அளவு காரீயம் கலந்துவிட்டாலும், பல ஆண்டுகளுக்குப் பின் அந்த உலோகம் உள்ளிருந்தே வெடித்துப் பிட்டு மாவாய் உதிரத் தொடங்கும். போருக்கு முந்தைய கார்களில் இந்நோய் மிகுதி. ஒரே தொழிற்சாலையில் ஈயப் பொம்மைகளும் வார்த்ததால் ஈயத் துண்டுகள் தவறி விழுந்திருக்கும் என்று கூறுவர். இதற்கு மருந்து இல்லை. வெப்பமும் ஈரமும் குறைந்த இடத்தில், கை படாமல் வைத்தால் சற்றுத் தள்ளிப்போகும். சிலர் அஞ்சுவதுபோல் இது ஒரு காரிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதன்று; பிறக்கும்போதே உள்ளே இருந்த குறை. மற்றொன்று: அந்நாளைய வண்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். வாயில் வைத்துக் கடிக்கும் பருவத்துக் குழந்தைக்குப் பழங்காரைக் கொடுக்கவேண்டாம். அதற்குப் புதியது ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

விலைக்கு வாங்கிச் சேர்ப்போர்க்கும் ஒரு சொல். பழைய டிங்கி கார்களை அச்சுப் பிசகாமல் போலச் செய்த புதுப் பதிப்புகள், முறையான உரிமத்துடனேயே, கடந்த ஆண்டுகளில் ஏராளமாக வந்துள்ளன. அவை தம்மளவில் குற்றமற்றவை. ஆனால் பெட்டியை நீக்கி, சற்றே அழுக்காக்கி, பழையது என்று விற்பவர் உண்டு. பெட்டியை மட்டும் புதிதாக அச்சிட்டு ஏமாற்றுவோரும் உண்டு. காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் குனிந்து தேடி ஓர் உடைந்த காரைக் கண்டெடுக்கும் மகிழ்ச்சி, திரையில் விரலால் தட்டி வாங்குவதில் இல்லை என்பது அனுபவசாலிகளின் கூற்று. சந்தையில் பொருளைக் கவிழ்த்துப் பார்க்கலாம் அல்லவா?

முதலில் சொன்ன இல்லத்தரசியின் குறையை நாம் தட்டிக்கழிக்கவில்லை. பிள்ளையின் கல்விக்கட்டணத்தைத் தள்ளிவைத்தோ, கடன் வாங்கியோ, மனைவிக்குச் சொல்லாமலோ வாங்கும் கார், எவ்வளவு அரியதாயினும் அந்த வீட்டுக்கு ஆகாது. இவ்வளவுதான் மாதத்துக்கு என்று இருவரும் அமர்ந்து பேசி வரையறுக்கவேண்டும். வாங்கியதை ஒளித்து வைக்கக்கூடாது. கண்ணாடி அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பேரப்பிள்ளைகள் நெருங்கினாற் சீறும் பெரியவர்களையும் நாம் கண்டதுண்டு. அவர்களுக்குச் சொல்வதெல்லாம் இதுதான்: வாரம் ஒருநாளாவது அலமாரியைத் திறந்து, பாய் விரித்து, பிள்ளைகளோடு அமர்ந்து அந்தக் கார்களை எடுத்து வையுங்கள். எதை உருட்டலாம், எதைக் கையில் ஏந்திப் பார்க்க மட்டும் செய்யலாம் என்று சொல்லிக் கொடுங்கள். குழந்தைகள் நாம் நினைப்பதைவிடக் கவனமானவர்கள். அந்தக் கணவரும் அவ்வாறே செய்யத் தொடங்கியிருக்கிறார். செலவைப் பற்றிய சச்சரவு முற்றும் ஓய்ந்துவிட்டதாகக் கூறமுடியாது. ஆனால் ஞாயிறு மாலைகளில் அந்த வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடுவதில்லை என்று அம்மையாரே சொன்னார்.

எல்லாவற்றிலும் எளிதான வேலை ஒன்று உண்டு. அதற்குக் காசு வேண்டாம். ஒவ்வொரு காருக்கும் ஒரு சிறு சீட்டு எழுதி அதன் அடியில் வையுங்கள். யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் விளையாடியது என்பதை வீட்டு முதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நமது பங்கில் ஒரு மூதாட்டி, தம் தமையனாரின் பெஜோ 203 காருக்கு அவ்வாறு ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறார். சைகோனில் தந்தை வாங்கியது என்றும், கப்பலில் வரும்போது தமையனார் அதைக் கடலில் போடப்போய்த் தாயார் பிடுங்கிக்கொண்டார் என்றும், முன்பக்கத்து நசுங்கல் தாம் பொறாமையில் கல்லால் அடித்தது என்றும் அதில் கண்டிருக்கிறது. தமையனார் பிரான்சில் இறந்து பல ஆண்டுகள் ஆயின. பழம்பொருள் வாங்க வந்த ஒருவர் அந்த நசுங்கலைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்டாராம். அம்மையார் சீட்டை எடுத்து அவரிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, காரை மீண்டும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.